பதிவு எண் 1

தமிழ்நாட்டில் நர்சிங் படித்து முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.என்.ஆர்.எம். என்று நான்கு எழுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்போம். பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற மருத்துவச்சி என்று பொருள். பட்டயமோ பட்டமோ கல்லூரி வழியாக வருவது. இந்த நான்கு எழுத்தைக் கொடுப்பது சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் நர்ஸ் கவுன்சில். அரசு வேலைக்கு விண்ணப்பித்தாலும் சரி, வளைகுடாவுக்கு விமானம் ஏறினாலும் சரி, முதலில் கேட்பது அங்கே வாங்கிய பதிவு எண்ணைத்தான்.

அந்த எண் இவர் இன்னார் என்று சொல்கிறது, இன்னது படித்தவர் என்று சொல்கிறது. தேவைப்பட்டால் அதைத் திரும்பப் பறித்துக்கொள்ளவும் முடியும். வார்டில் படுத்திருப்பவருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் காவல். இத்தனை பயனுள்ள ஒன்று எதிர்ப்பில்லாமல் பிறந்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். இங்கிலாந்தில் அதற்கு முப்பது ஆண்டுக்கு மேல் சண்டை நடந்தது. எதிரணியில் முன்னால் நின்றவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்.

1880-களின் லண்டனில் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி எதுவும் தேவையில்லை. டிக்கன்ஸ் ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலில் படைத்த சேரி கேம்ப் என்ற குடிகாரக் கிழவி, நாவல் வந்து நாற்பது ஆண்டாகியும் ஊர்வாயில் மோசமான நர்ஸுக்கு மறுபெயராக இருந்தாள். இதை மாற்றத்தான் நைட்டிங்கேல் 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்ற மருத்துவமனைகளும் தொடங்கின. ஓரிடத்தில் ஓராண்டு, ஓரிடத்தில் இரண்டு, ஓரிடத்தில் மூன்று என்று அவரவர் விருப்பப்படி பயிற்சி. எதற்கும் பொதுத்தேர்வு கிடையாது. கடைசியில் எல்லோர் கையிலும் ஒரு சான்றிதழ் இருந்தது, அதற்கு என்ன மதிப்பு என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் வருகிறார் எதெல் கோர்டன் மேன்சன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1881-இல், 24 வயதில், லண்டனின் பழம்பெரும் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனைக்கு மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ், ஆனார். அங்கே நர்ஸ் பயிற்சியை மூன்றாண்டாக நீட்டினார். 1887-இல் டாக்டர் பெட்ஃபோர்டு ஃபென்விக்கை மணந்துகொண்டார். கல்யாணமான பெண் மேட்ரனாக இருக்க முடியாத காலம் அது, வேலையை விட்டார். கையில் நேரம், வீட்டில் வசதி, பக்கத்தில் ஒத்த கருத்துள்ள கணவர். அதே ஆண்டு பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கம் தொடங்கிவிட்டது. விக்டோரியா ராணியின் மகள் இளவரசி ஹெலினா சங்கத்துக்குத் தலைவர்.

திருமதி ஃபென்விக் கேட்டது எளிமையான ஒன்று. டாக்டர்களுக்கு 1858-இலேயே சட்டப்படி ஒரு பதிவேடு வந்துவிட்டது. நர்ஸுகளுக்கும் அதுபோல் ஒன்று வேண்டும். மூன்றாண்டுப் பயிற்சி, எல்லோருக்கும் ஒரே தேர்வு, தேறியவர் பெயர் ஏட்டில். தப்புச் செய்தால் பெயரை அடித்துவிடலாம். சான்றிதழ் ஒருமுறை கைக்குப் போனால் போனதுதான், குடித்ததற்காகவோ திருடியதற்காகவோ ஓர் ஆஸ்பத்திரி விரட்டிய நர்ஸ் அதே காகிதத்தோடு அடுத்த தெருவில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்பது அவர் தரப்பின் வலுவான வாதம்.

ஆனால் இந்தக் கோரிக்கைக்குள் வேறு கணக்கும் இருந்தது. திருமதி ஃபென்விக்குக்கு நர்ஸ் வேலை நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்யும் தொழிலாக உயர வேண்டும், கண்டவர் உள்ளே வரக்கூடாது. ஏடு ஒரு வேலி. வேலி நோயாளிக்குப் பாதுகாப்பா, வேலிக்குள் இருப்பவர்களுக்கு அந்தஸ்தா என்று கேட்டால் இரண்டும்தான். அவரைத் தியாகத் திருவுருவாக மட்டும் வரையும் வரலாறுகள் இந்தப் பக்கத்தைத் தொடாமல் போய்விடுகின்றன.

நைட்டிங்கேலுக்கு அப்போது 67 வயது. உடம்புக்கு முடியாமல் பல ஆண்டாக வீட்டை விட்டு அதிகம் வெளியே வராதவர். ஹைட் பார்க் பக்கத்தில் தன் அறையில் இருந்தபடியே கடிதம் எழுதி எழுதி அரசாங்கத்தை அசைத்துக்கொண்டிருந்தார். ஏட்டை அவர் எதிர்த்ததற்குக் காரணம் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அவர் சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். நர்ஸின் தரம் தேர்வுத்தாளில் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு யாரும் பார்க்காதபோது நோயாளியின் புண்ணைச் சரியாகக் கழுவுகிறாளா என்பதில்தான் இருக்கிறது. அதைத் தேர்வாளர் பார்க்க முடியாது, கூடவே இருக்கும் மேட்ரன்தான் பார்க்க முடியும். தேர்வில் தேறிய அன்று அவள் எப்படி இருந்தாள் என்பதைத்தான் ஏடு சொல்லும். ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறாள் என்று ஏட்டுக்குத் தெரியாது. பொதுஜனமோ ஏட்டில் பெயர் இருக்கிறதே என்று விசாரிக்காமல் நம்பிவிடும்.

நாற்பது ஆண்டு கழிந்தால் ஒருவேளை இதைப் பற்றிப் பேசலாம், அதற்குள் பயிற்சியின் தரத்தை எல்லா இடத்திலும் ஒன்றாக உயர்த்துங்கள் என்பது அவர் நிலை.

அவர் வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. செயின்ட் தாமஸ் பள்ளியில் பயிற்சிப் பெண் ஒவ்வொருத்திக்கும் மாதாமாதம் ஒரு தாள் நிரப்பப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம், ஒழுங்கு என்று அதில் தனித்தனிக் கட்டங்கள். குடியாமை, நேர்மை, உண்மை பேசுதல் இவற்றுக்கும் இடம் உண்டு. குணத்தைக் காகிதத்தில் பதிய முடியாது என்று சொன்னவரின் பள்ளியிலேயே குணத்துக்குத்தான் பதிவேடு! அதை நிரப்பியதும் ஒரே ஒரு மேட்ரனின் கை. அந்தம்மாவுக்குப் பிடிக்காத பெண் என்ன ஆவாள், எங்கே போய் முறையிடுவாள் என்பதற்கு நைட்டிங்கேல் முறையில் பதில் இல்லை. ஆனாலும் அந்த ஐந்தாண்டுக் கேள்வி லேசானதல்ல. நர்ஸ் பதிவேட்டின் பின்கதை முழுவதும் அந்தக் கேள்விக்குத் தேடிய பதில்கள்தான் என்பது என் வாசிப்பு.

எதிரணியில் இன்னொரு ஆள், லண்டன் மருத்துவமனையின் மேட்ரன் ஈவா லக்கஸ். இவர் எதிர்ப்பில் பணமும் கலந்திருந்தது. அவருடைய மருத்துவமனை இரண்டே ஆண்டில் சான்றிதழ் கொடுத்து, நர்ஸுகளைப் பணக்கார வீடுகளுக்கு அனுப்பி, அந்த வருமானத்தைத் தன் கணக்கில் சேர்த்தது. மூன்றாண்டு என்று சட்டம் வந்தால் அந்த ஏற்பாடு கெடும். நைட்டிங்கேலும் லக்கஸும் கைகோத்துக்கொண்டார்கள். 1893-இல் ஃபென்விக் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. ஆனால் பதிவேடு வைக்கும் உரிமை இல்லை, விண்ணப்பித்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டு தரப்பும் தாங்கள்தான் வென்றோம் என்று சொல்லிக்கொண்டன.

இங்கிலாந்து இப்படி இழுத்துக்கொண்டிருக்கையில் அதன் காலனிகள் முந்திக்கொண்டன. 1891-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில் மருத்துவம், மருந்தகம் பற்றிய சட்டம் ஒன்று வந்தது. கிம்பர்லி வைரச் சுரங்க ஊரில் நர்ஸுகளைப் பயிற்றிய ஆங்கிலிகன் கன்னியாஸ்திரி சகோதரி ஹென்றியட்டா ஸ்டாக்டேலின் முயற்சியால் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் அரசே பதியும் ஏற்பாடு அதில் சேர்ந்தது. உலகத்தில் முதல் முறை. ஆனால் டாக்டர்களின் சட்டத்துக்குள் ஒண்டுக்குடித்தனம்.

தனி வீடு கட்டியது நியூசிலாந்து. அங்கே கிரேஸ் நீல் என்றொரு அம்மாள் 1895 முதல் அரசின் உதவி மருத்துவமனை ஆய்வாளர். லண்டனில் நர்ஸ் பயிற்சி பெற்றவர். ஆய்வுக்குப் போகிற வேலை என்பதால், பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றால் ஒன்று, காட்டோர ஊரில் நர்ஸ் என்றால் வேறொன்று என்பதைக் கண்ணால் பார்த்தவர். 1899-இல் லண்டன் வந்து ஃபென்விக் கூட்டத்தாரைச் சந்தித்துவிட்டுப் போனார். இரண்டே ஆண்டில், 1901 செப்டம்பரில், நர்ஸ் பதிவுச் சட்டம் நிறைவேறியது. நர்ஸுகளுக்கென்றே எழுதப்பட்ட உலகின் முதல் தனிச் சட்டம் அதுதான். மூன்றாண்டுப் பயிற்சி, அரசுத் தேர்வு. 1902 ஜனவரி 10-ஆம் தேதி பாமர்ஸ்டன் நார்த் மருத்துவமனை மேட்ரன் எலன் டோகர்ட்டியின் பெயர் ஏட்டில் ஏறியது. அந்த நாட்டில் 1893-இலேயே பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பெண்கள் ஓட்டுக்குக் காத்திருந்த அதே காலத்தில்தான் நர்ஸுகளும் ஏட்டுக்குக் காத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் 1903-இல் வட கரோலினா தொடங்கி வைத்தது. அந்த ஆண்டே நியூயார்க் உட்பட இன்னும் மூன்று மாநிலங்கள் சேர்ந்தன. ஆனால் இந்தச் சட்டங்கள் காத்தது பட்டத்தைத்தான், வேலையை அல்ல. பதியாதவர் தன்னைப் பதிவு பெற்ற நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் ஊசி போடலாம், தடையில்லை. பதிவில்லாமல் கூலிக்கு நர்ஸ் வேலையே செய்யக்கூடாது என்று நியூயார்க் சட்டம் போட்டது 1938-இல். உலகப்போர் குறுக்கிட்டு அது நடைமுறைக்கு வர 1947 ஆகிவிட்டது.

இங்கிலாந்தின் கதையை முடித்துவிடுகிறேன். 1910-இல் நைட்டிங்கேல் காலமானார். முதல் உலகப்போரில் அரைகுறைப் பயிற்சியோடு தொண்டர் பெண்கள் ஆயிரக்கணக்கில் வார்டுக்குள் வந்தார்கள். போர் முடிந்ததும் இவர்களுக்கும் முழுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்வி எழுந்தது. ஏடு கேட்டவர்கள் பக்கம் காற்று திரும்பியது. 1919 பிப்ரவரியில் லக்கஸும் போய்ச்சேர்ந்தார். அந்த டிசம்பரில் சட்டம் வந்தது. 1921-இல் பதிவேடு திறந்தபோது முதல் எண்ணில் எழுதப்பட்ட பெயர் எதெல் கோர்டன் ஃபென்விக்.

இதோடு கதை சுபம் என்று நிறுத்தினால் அந்தம்மாவின் சுபாவம் விட்டுப்போகும். சட்டம் அமைத்த புதிய நர்ஸ் கவுன்சிலில் பதிவுக் குழு அவர் பொறுப்பில் இருந்தது. சட்டம் வருவதற்கு முன்பே வேலையில் இருந்தவர்களையும் அனுபவம் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது விதி. அவரோ ஒவ்வொரு விண்ணப்பத்தையும், ஒவ்வொரு சான்றிதழின் மூலப்பிரதியையும் தோண்டித் துருவினார். ஏடு நகரவே இல்லை. பொறுக்கமாட்டாமல் 1921 இறுதியில் கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ராஜினாமா செய்தார்கள். அடுத்த ஆண்டு தேர்தல். ஓட்டுப் போட்டவர்கள் அந்த ஏட்டில் பெயர் ஏறிய நர்ஸுகள். தோற்றவர்களில் ஒருவர் பதிவு எண் 1.

அந்த முதல் ஏட்டில் ஆண் நர்ஸுகளுக்கு இடம் பின்னிணைப்பில். பெண்கள் போராடி வாங்கிய ஏடு ஆண்களைத் திண்ணையில் உட்கார வைத்தது. அவர்களைப் பொது ஏட்டுக்குள் சேர்க்க 1949 வரை ஆனது.

நம் பக்கம் வந்தால், சென்னையில் அரசு பொது மருத்துவமனையின் நர்ஸ் பயிற்சி 1871-இல், ஆறு மாதப் படிப்பாகத் தொடங்கியது என்பது நர்சிங் பாடப்புத்தகங்களில் உள்ள செய்தி. பதிவுக்குச் சட்டம் வந்தது 1926-இல், சென்னை செவிலியர், மருத்துவச்சியர் சட்டம். இந்திய நர்சிங் வரலாறுகள் இதைத்தான் நாட்டின் முதல் மாகாணப் பதிவுக் குழுவாகக் குறிக்கின்றன. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு மாகாணத்தின் எண் இன்னொரு மாகாணத்தில் செல்லுமா, பாடத்திட்டம் ஒன்றா என்ற சிக்கல் அப்போதே பிறந்தது. அதைத் தீர்க்க 1947-ஆம் ஆண்டின் கடைசி நாளில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது.

எண் வந்ததும் வார்டில் என்ன மாறியது? முன்பு நர்ஸ் மேட்ரனுக்குப் பதில் சொன்னாள், மேட்ரன் டாக்டருக்கு. பதிவு வந்த பிறகு நர்ஸ் தன் பெயரிலேயே பதில் சொல்ல வேண்டியவர் ஆனார். இதய நோயாளிக்கு டிகாக்சின் மாத்திரை எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் முழுதாக நாடி பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குத் துடிப்பு 60-க்குக் கீழே என்றால் மாத்திரையை நிறுத்தி வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, அதைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதியிருந்தது, கொடுத்தேன் என்பது கவுன்சில் முன்னால் பதிலாகாது. நஷ்டஈட்டை மருத்துவமனை கட்டலாம், எண் போவது நர்ஸுக்குத்தான். இந்தப் பொறுப்புக்கு ஈடான அதிகாரத்தை வார்டில் நர்ஸுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். நள்ளிரவில் பெரிய டாக்டரை எழுப்பி, நீங்கள் எழுதிய டோஸ் தப்பு என்று சொல்ல இன்றைக்கும் துணிச்சல் வேண்டும்.

அதே டிகாக்சினை வைத்துத்தான் ஏட்டின் பெரிய தோல்வி ஒன்றும் நடந்தது. சார்லஸ் கல்லன் நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் 16 ஆண்டு நர்ஸாக வேலை பார்த்தவர். டிகாக்சினையும் இன்சுலினையும் ரகசியமாகச் செலுத்தி நோயாளிகளைக் கொன்றார். 2003 டிசம்பரில் கைதானார். 29 கொலைகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த 16 ஆண்டும் அவர் கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தது. சந்தேகம் வந்த மருத்துவமனைகளில் என்ன செய்தார்கள்? வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து சத்தமில்லாமல் வெளியே அனுப்பினார்கள். அடுத்த ஆஸ்பத்திரி விசாரித்தால், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். தவறு செய்த நர்ஸ் அடுத்த தெருவுக்குப் போகாமல் தடுக்கத்தான் ஏடு கேட்டார்கள். நூறாண்டுக்கு மேல் கழிந்து ஏடு இருந்தது, லைசென்ஸ் இருந்தது, ஆள் அடுத்த தெருவுக்குத் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தார். ஏட்டுக்குக் கண் கிடையாது, வார்டிலிருந்து யாராவது போய்ச் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

சொன்னவர்கள் யார் என்று பார்த்தால் அதுவும் நர்ஸுகள்தான். ஒரு மருத்துவமனையில் கூட வேலை பார்த்த நர்ஸுகள் மருந்துக் குப்பிகளின் கணக்கு இடிப்பதைக் கவனித்து அரசு வழக்கறிஞரிடம் வரை போனார்கள். கடைசி மருத்துவமனையில் கல்லனின் தோழியாகவே இருந்த நர்ஸ் ஏமி லோக்ரன், போலீஸுக்கு உதவி, ஒலிப்பதிவுக் கருவியை உடம்பில் மறைத்துக்கொண்டு அவரோடு பேசப்போனார். 2005-இல் நியூஜெர்சி ஒரு சட்டம் போட்டது. ஊழியரைத் தகுதிக்குறைவுக்காகவோ நடத்தைக்காகவோ நீக்கினால் மருத்துவமனை அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும், அடுத்த மருத்துவமனை கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதுதான் இனிக் குற்றம்.

சொல்வதும் குற்றமாகலாம் என்று காட்டியது இங்கிலாந்து. மார்கரெட் ஹேவுட் என்ற நர்ஸ், பிரைட்டன் நகர மருத்துவமனை ஒன்றில் முதியவர்கள் கவனிப்பாரில்லாமல் கிடப்பதை ரகசியக் கேமராவில் பிடித்தார். 2005-இல் பி.பி.சி. அதை ஒளிபரப்பியது. 2009 ஏப்ரலில் நர்சிங் கவுன்சில் அவர் பெயரை ஏட்டிலிருந்து அடித்தது. நோயாளிகளின் அந்தரங்கத்தை மீறினார் என்று குற்றச்சாட்டு. அந்தரங்கம் மீறப்பட்டது உண்மை, படம் எடுக்கும்போது நோயாளிகளிடம் சம்மதம் வாங்கவில்லை. ஆனால் கவனிப்பில்லாமல் கிடந்தவர்களுக்காகப் பேசியவரைத் தொழிலை விட்டே விலக்குவது என்ன நியாயம் என்று 40,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்த அக்டோபரில் வழக்கு உயர்நீதிமன்றத்தில் முடிந்தபோது தண்டனை ஓராண்டு எச்சரிக்கையாகக் குறைந்தது, பெயர் ஏட்டுக்குத் திரும்பியது. ஏடு நோயாளிக்காகவா, நிறுவனத்துக்காகவா என்ற சந்தேகம் மட்டும் பலருக்கு நின்றுவிட்டது.

பெயர் ஏறிய பிறகு அந்த நர்ஸ் எப்படி இருக்கிறார் என்ற நைட்டிங்கேல் கேள்விக்குப் பிரிட்டன் 2016-இல் ஒரு பதில் எழுதியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நர்ஸும் 450 மணி நேரம் வேலை பார்த்ததையும், 35 மணி நேரம் தொடர்ந்து படித்ததையும் காட்ட வேண்டும். நோயாளிகளும் சகாக்களும் தன்னைப் பற்றிச் சொன்னதையும் சேகரித்து, இன்னொருவரோடு உட்கார்ந்து அதை அலச வேண்டும். இல்லையென்றால் எண் காலாவதி. மேட்ரனின் மாதாந்திரத் தாள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வேறு உருவில் வருகிறது என்றுகூடச் சொல்லலாம், குணம் பற்றிய உறுதிமொழியும் அதில் உண்டு.

இந்தியாவில் சிக்கல் இன்னும் அடிப்படையானது. மாநில ஏடுகளில் ஒருமுறை ஏறிய பெயர் அப்படியே கிடந்தது. காலமானவர், கல்யாணத்தோடு வேலையை விட்டவர், லண்டனுக்கும் ரியாத்துக்கும் போய்விட்டவர் எல்லோரும் காகிதத்தில் இங்கே டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டில் உண்மையில் வேலை செய்யும் நர்ஸுகள் எத்தனை பேர் என்று ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆதாரோடு இணைத்து, ஆளுக்கு ஒரு தேசிய எண் கொடுக்கும் ஆன்லைன் பதிவேட்டை நர்சிங் கவுன்சில் தொடங்கியது அதனால்தான். 2023-இல் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி, தேசிய செவிலியம், மருத்துவச்சியியல் ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் மூன்று வாரியங்கள். படிப்புக்கு ஒன்று, கல்லூரிகளின் தர மதிப்பீட்டுக்கு ஒன்று, மூன்றாவது நெறிமுறைக்கும் பதிவுக்கும் சேர்த்து. இந்த மூன்றாவதிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஒரு தனியார் மருத்துவமனை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு நர்ஸை அனுப்பிவிட்டால், ஏன் அனுப்பியது என்பது உங்களுக்கு எந்த வழியாக வந்து சேரும்? அந்த மருத்துவமனை நடத்தும் விதத்தையே ஒரு நர்ஸ் புகாராக எழுதினால், அவர் எண்ணுக்கு யார் பாதுகாப்பு?